மரம் உறங்குகிறது என்று இங்கிலீஷில் எழுதினேன்

எங்கள் ஊர்க் காற்று என்றைக்காவது கிசுகிசுத்திருக்கிறதா? ஆடி மாதம் ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் ஸ்கூட்டரில் போய்ப் பாருங்கள். ஆளை வண்டியோடு சாய்த்துவிட்டுத்தான் மறுவேலை பார்க்கும். ஆனால் எந்த இங்கிலீஷ் கைடைத் திறந்தாலும் காற்று கிசுகிசுக்கிறது, சூரியன் புன்னகைக்கிறது. மனிதரல்லாத ஒன்றை மனிதராக்கிப் பேசுவதற்குப் பர்சானிஃபிகேஷன் என்று பெரிய பெயராக வைத்துவிட்டு, ஊரெல்லாம் ஒரே உதாரணத்தைச் சுற்றுக்கு விட்டிருக்கிறார்கள். பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

புதுக்கடை என்கிற ஊரில் எங்களுக்குக் குழாய்ச் சாமான் விற்கிற கடை. வீட்டுக்காரர் கல்ஃபிலிருந்து திரும்பி வந்து போட்டது. அந்தக் கல்லாவில் உட்கார்ந்தபடியே தபால் வழியில் பி.ஏ. இங்கிலீஷ் படித்தேன். பிறகு பி.எட். முடித்தேன். ஒரு வகுப்பறையில் டீச்சராக நிற்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. இன்டர்வியூவுக்குப் போன இடங்களில் என் குமரி மாவட்டப் பேச்சின் ராகத்தைக் கேட்டு வாய்க்குள் சிரித்து அனுப்பினார்கள்.

கடைசியில் கருங்கல் என்கிற ஊர்ப் பக்கம் ஒரு பள்ளியில் கூப்பிட்டார்கள். தலைமையாசிரியை முன்னால் பாடம் நடத்திக் காட்ட வேண்டும், பிடித்தால் வேலை. பாடம், இங்கிலீஷ் மரபுத்தொடர்களும் பர்சானிஃபிகேஷனும்.

சனிக்கிழமை, பிள்ளைகள் இல்லாத வகுப்பு. முதல் பெஞ்சில் தலைமையாசிரியை மட்டும் உட்கார்ந்திருந்தார். நாஞ்சில் நாட்டு வயக்காட்டு ஊர்க்காரர் என்று வாட்ச்மேன் சொல்லியிருந்தார். ஆனால் அவர் வாயிலிருந்து மருந்துக்குக்கூட ஒரு தமிழ் வார்த்தை வரவில்லை.

மரபுத்தொடரை நன்றாகவே நடத்தினேன். பெருமழைக்கு அவர்கள் கேட்ஸ் அண்ட் டாக்ஸ், பூனையும் நாயும் விழுகிறது என்றால் நாமும் அப்படியேதான் சொல்ல வேண்டும். எனக்குப் பிடிக்கவில்லை என்று ஆட்டையும் கோழியையும் விழவைத்தால் அது செல்லாது. மரபுத்தொடர் அடுத்த வீட்டுப் பாத்திரம், வாங்கினபடியே திருப்பிக் கொடுக்க வேண்டும். பர்சானிஃபிகேஷன் அப்படியில்லை, அவரவர் கண்ணால் பார்த்ததை அவரவரே சொல்லலாம். இதைச் சொன்னபோது அவர் தலையாட்டினார்.

அந்தத் தைரியத்தில் பலகையில் என் சொந்த வாக்கியங்களை எழுதினேன். கணவாய்க் காற்று சண்டைக்கு வருகிறது. எங்கள் கிணற்று மோட்டார் முறுக்கிக்கொண்டு நிற்கிறது. கறிவேப்பிலை மரம் உறங்குகிறது, இப்போது பறிக்காதே. எல்லாம் பிழையில்லாத இங்கிலீஷ்.

கடைசி வாக்கியத்தில் அவர் பார்வை நின்றது. இப்படி யார் சொல்வார்கள் என்று இங்கிலீஷில் கேட்டார். எங்கள் வீட்டில் சொல்வோம் என்றேன். விளக்கு வைத்த பிறகு செடி கொடியில் கை வைக்க மாட்டோம். அதற்கு முந்தின நாள்கூட ரசம் தாளிக்கும் நேரத்தில் கறிவேப்பிலை பறிக்கக் கொல்லைப்புறம் போன என்னை வீட்டுக்காரர் தடுத்தார். “ஏட்டி, விளக்கு வச்சாச்சு. மரம் உறங்கும்லா, தொடப்பிடாது.” அன்றைக்குக் கறிவேப்பிலை இல்லாமல்தான் ரசம் இறங்கியது.

இது எந்தப் புத்தகத்திலும் இல்லை என்றார் அவர். அழித்துவிட்டுக் காற்று கிசுகிசுத்தது என்று எழுதச் சொன்னார். எழுதினால் திங்கட்கிழமையே வேலையில் சேரலாம் என்றும் சொன்னார்.

எத்தனை நாள் ஆசை! கை டஸ்டரை எடுத்துவிட்டது. ஆனால் மனம் ஒப்பவில்லை. தப்பாக எழுதியிருந்தால் நானே அழித்திருப்பேன். தப்பில்லாததை எதற்கு அழிக்க வேண்டும்? இங்கிலீஷில் கேட்டால் இங்கிலீஷில் தப்பித்துவிடுவார் என்று தோன்றியது.

“மேடம், உங்க வீட்டுல விளக்கு வச்ச பொறவு நீங்க பறிப்பியளா?”

அவர் வாசல் பக்கம் பார்த்தார். யாரும் இல்லை. அப்புறம் எங்கள் ராகத்திலேயே அவர் குரல் வந்தது.

“பறிக்க மாட்டேன் மக்கா. அது உறங்கும்லா. ஆனா இத இங்கிலீஷ்ல எழுதுனா நம்மளப் படிக்காத ஆளுன்னு நெனப்பாவ. அழிச்சிரு. வேலை ஒனக்குத்தான்.”

எனக்கு வருத்தமாக இருந்தது. என்னை நினைத்து அல்ல, அவரை நினைத்து. இத்தனை வருடம் இங்கிலீஷ் படித்து, தான் நம்புகிற ஒன்றைச் சொல்ல அதில் அவருக்கு இடம் இல்லாமல் போய்விட்டதே! எனக்கு அந்த இங்கிலீஷ் வேண்டாம்.

“நான் அழிக்க மாட்டேன் மேடம். வேணும்னா நீங்க அழியுங்க” என்று டஸ்டரை அவர் முன்னால் வைத்தேன்.

அவர் அதை எடுத்துக்கொண்டு பலகை வரை போனார். நான் பையை எடுத்து, வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டு, ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தேன். கையைத் தூக்கியபடி நின்றிருந்தார், அழிக்கவில்லை. வேலை எனக்கு வரவில்லை.