இழுத்தாச்சு என்று சொன்னவள்

அண்ணி தன்னுடைய சட்டைகளை எல்லாம் கட்டிலில் பரப்பிப் போட்டு, ஒவ்வொன்றின் கையையும் முழங்கைக்கு மேலே கத்தரித்து, மடித்துத் தைத்தாள். கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்த சுண்டு ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருக்க வேண்டும். அன்றைக்கே வாயைத் திறந்திருந்தால் நல்ல துணியெல்லாம் தப்பித்திருக்கும். அண்ணியும் தப்பித்திருப்பாள்.

சுண்டு என்பது அவள் பெயர் இல்லை. ஆள் சிறிசு, எத்தனை நெருக்கமான கூட்டத்திலும் இடுக்கில் புகுந்து படம் எடுத்துவிட்டு வந்துவிடுவாள். அதனால் அண்ணன் வைத்த பட்டம் அது. அண்ணன் ஸ்டுடியோவின் முன்பக்கத்தில் உட்கார்ந்து படங்களை அச்சடித்துக் கொடுப்பான், வருகிறவர்களிடம் வாயடிப்பான். வெளியே போய் விழாக்களைப் பிடித்து வருவது அவன் மனைவியும் தங்கையும்தான். அண்ணி வீடியோ, சுண்டு போட்டோ. நாத்தனாரும் அண்ணியும் ஒரே தொழில் பார்த்தால் வீடு இரண்டுபடும் என்று அக்கம்பக்கத்தில் பேசினார்கள். பேசினவர்கள் பேசினபடியே இருந்தார்கள், வீடு இரண்டுபடவில்லை. ஸ்கூட்டரில் போகும்போது கேமராப் பையை யார் மடியில் வைத்துக்கொள்வது என்பதற்கு மேல் அவர்களுக்குள் சண்டை வந்ததே இல்லை.

முன்பெல்லாம் கேமராவை ட்ரைபாட் என்ற முக்காலியின் மேல் வைத்து, அடியிலிருந்து திருகாணியைச் சுற்றிச் சுற்றி ஏற்ற வேண்டும். கழற்றவும் அதே பாடு. ஏற்றி முடிப்பதற்குள் மேடையில் பரிசு கொடுத்தவர் இறங்கிப் போயிருப்பார். அதற்காகத்தான் குயிக் ரிலீஸ் வாங்கினார்கள். கேமராவின் அடியில் பிளேட் என்று ஒரு சின்ன உலோகத் தகடு எப்போதும் ஒட்டிக்கொண்டே இருக்கும். ட்ரைபாடின் தலையில் அந்தத் தகட்டைக் கவ்வுவதற்கு ஒரு வாய் இருக்கும், கிளாம்ப் என்பார்கள். தகட்டை வாய்க்குள் வைத்து லீவரைத் தள்ளினால் ‘டக்’ என்று கவ்விக்கொள்ளும். வேலை முடிந்தது.

ஆனால் அண்ணி சத்தத்தை மட்டும் நம்புகிற ஆள் இல்லை. அவள் ஒரு பழக்கம் வைத்திருந்தாள். மாட்டுகிறவர் லீவரைத் தள்ளிவிட்டு “கடிச்சாச்சு” என்று சொல்ல வேண்டும். பக்கத்தில் இருப்பவர் கேமராவைப் பிடித்து ஒரு இழு இழுத்துப் பார்த்துவிட்டு “இழுத்தாச்சு” என்று சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் மாட்டினவர் கையை எடுப்பார். எத்தனை அவசரமானாலும் அப்படித்தான். “அடுத்தவ கை பட்டாத்தான் எனக்குத் தைரியம்” என்பாள் அண்ணி. பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள். அவள் சட்டை செய்ததில்லை.

ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழா அன்று காலையில், அண்ணியின் கேமராவுக்கு உரிய பிளேட் இன்னொரு கேமராவில் இருந்தது. அதைக் கழற்றச் சோம்பல்பட்டுச் சுண்டு மேசை இழுப்பறையில் கிடந்த வேறொரு பிளேட்டை எடுத்து மாட்டிவிட்டாள். பழைய ட்ரைபாட் ஒன்றோடு வந்தது அது, வேறு கம்பெனிக்காரனுடையது. பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. அது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். தெரியாமல் செய்தது. தப்பு அதற்குப் பிறகு வந்தது.

அரங்கத்தில் நாற்காலிகளுக்கு நடுவே அண்ணி ட்ரைபாடை நிறுத்தி, கேமராவை வைத்து, லீவரைத் தள்ளினாள். ‘டக்’.

“கடிச்சாச்சு.”

சுண்டு அந்தப் பக்கம் திரும்பி நின்று தன் கேமராவில் லென்ஸ் மாற்றிக்கொண்டிருந்தாள். திரைக்குப் பின்னால் குழந்தைகள் வரிசையாக நிற்பது தெரிந்தது. ஓட வேண்டும்.

“இழுத்தாச்சு” என்றாள், திரும்பாமலே. சொல்லிவிட்டு ஓடினாள்.

அண்ணி கையை எடுத்தாள்.

மேடையில் குழந்தைகள் ஆடினார்கள். கடைசிப் பொடிசு ஒன்று மேடை விளிம்பில் உட்கார்ந்து கால்சராயை இழுத்து விட்டுக்கொண்டது. அதைப் பிடிக்க அண்ணி கேமராவைக் கீழ்நோக்கிச் சாய்த்தாள். சாய்த்த கேமரா தகட்டோடு வழுக்கிக்கொண்டு முன்னால் போய்த் தரையில் விழுந்தது. ஒரு சாண் தள்ளி, தாய் மடியில் கைக்குழந்தை. லென்ஸ் சிதறின சத்தத்தில் பாட்டுக்கு நடுவே அரங்கமே திரும்பியது. தலைமை ஆசிரியை வந்து கத்தின கத்தலை இங்கே சொல்ல வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் கேட்டான். “ரெண்டு பேரும் பெரிசா மந்திரம் மாதிரி சொல்லுவீங்களே, இன்னைக்கு சொல்லலியா?”

“சொன்னேன்” என்றாள் அண்ணி.

“சுண்டு, நீ இழுத்துப் பாத்தியா?”

அந்த இடத்தில்தான் அது நடந்தது. யோசிக்கக்கூட இல்லை. வாய் தானாகச் சொன்னது. “பாத்தேனே. கெட்டியாத்தான் இருந்துச்சு.”

அவள் இழுத்தபோது கெட்டியாக இருந்தது என்றால், பிறகு லீவரைத் தட்டிவிட்டது யார்? கேமரா பக்கத்தில் நின்றவள் அண்ணி ஒருத்திதான். அண்ணி தன் தொளதொளச் சட்டைக் கையைத் தானே தூக்கிப் பார்த்தாள். “இதுதான் மாட்டி இழுத்திருக்கும்” என்றாள். யாரும் அவளைச் சொல்லச் சொல்லவில்லை. அவளே தன் தலையில் எடுத்துப் போட்டுக்கொண்டாள். மறுநாள் கத்தரிக்கோல் எடுத்தாள்.

வெட்டிய துணிகளைத் தூக்கிப் போட மனசில்லாமல் துடைக்கிற துணியாக்கிக் கேமராப் பையில் வைத்தாள். அது சுண்டுவின் பை. ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் அவள் ட்ரைபாடைத் துடைப்பது அண்ணியின் சட்டைக் கைகளால். ஏசி அரங்கங்களில் அண்ணி வெறும் முழங்கைகளைத் தேய்த்துக்கொண்டு நிற்பாள். சுண்டு முகத்தைக் கேமராவுக்குப் பின்னால் வைத்துக்கொள்வாள்.

ஒரு நாள் மத்தியானம், வீட்டில் யாரும் இல்லாதபோது, அதே தகட்டை, அண்ணன் ட்ரைபாடிலிருந்து கழற்றி ஒதுக்கிப் போட்டிருந்த அதே கிளாம்பில் வைத்து லீவரைத் தள்ளிப் பார்த்தாள். ‘டக்’. அதே சத்தம். லேசாக இழுத்தாள். தகடு கையோடு வந்துவிட்டது. முடி அளவு அகலம் குறைவு, அவ்வளவுதான். தூங்குகிற குழந்தையின் கையிலிருந்து பொம்மையை எடுக்கிற சிரமம்கூட இல்லை. இரண்டையும் ஒரு பழைய காலுறைக்குள் போட்டுப் பையின் அடியில் திணித்தாள். குப்பையில் போட்டிருக்கலாம். போடவில்லை, அதை அவள் கணக்கில் நல்லதாக எழுதிக்கொள்ளலாம். ஆனால் வெளியே எடுக்கவும் இல்லையே.

அதற்குள் அண்ணி பாதி ஆளாகிவிட்டாள். பழைய ட்ரைபாடில் இன்னொரு கேமராவை மாட்டினாலும் அதன் வாரை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டே நிற்பாள். வார் இறுகி மணிக்கட்டு கன்றிப்போகும். வீடியோ ஆடும். “கப்பல்ல நின்னு எடுத்தீங்களா?” என்று ஒருவர் கேட்டுவிட்டுப் போனார். அண்ணன் வேறு, விளையாட்டாகப் பேசுகிறேன் என்று, “உன் கையில கொடுத்தா மலையே வழுக்கிடும்” என்று நாலு பேர் முன்னால் சொல்லிச் சிரித்தான். அண்ணியும் கூடவே சிரித்தாள். சிரித்துவிட்டு அன்று மாலையே சொன்னாள்.

“இந்த மாசத்தோட நான் கேமராவைத் தொடறதா இல்ல. நான் கடையில உக்காந்து அச்சடிக்கறேன். சுண்டுவோட போக வேற ஆளப் பாருங்க.”

“சும்மா சொன்னேன்டி” என்றான் அண்ணன்.

“நான் சும்மா சொல்லல.”

அவள் சும்மா சொல்கிற ஆள் இல்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இப்படி ஒரு கண் உள்ளவள், மேடை முழுவதும் ஆடும்போது அந்த ஓரத்துப் பொடிசைப் பார்க்கிறவள், இனி அச்சு இயந்திரத்தின் முன்னால் உட்காரப் போகிறாள். சுண்டு பையின் அடியில் கையை விட்டுக் காலுறையைத் தொட்டுப் பார்த்தாள்.

புதிய கேமரா வந்துவிட்டது, அதற்குப் புதிய குயிக் ரிலீஸ் வேண்டும். அண்ணன் இருவரையும் கேமராச் சாமான் விற்கிற கடைக்கு அனுப்பினான். “நல்லா சத்தம் வர்ற லீவரா பாத்து எடுங்க” என்று சொல்லி அனுப்பினான்.

கடைக்காரர் வாய் ஓயாத மனுஷர். கண்ணாடி மேசை மேல் ஒரு ட்ரைபாட் தலையைப் பொருத்தி, கேமராவுக்குப் பதிலாக ஒரு செங்கல்லின் அடியில் பிளேட் மாட்டி வைத்திருந்தார்.

“கேமராவ வச்சுக் காட்டி ஒண்ணு விழுந்துச்சுன்னா என் கடை போயிடும். செங்கல்லுன்னா என் கால் மட்டும்தான் போகும்” என்றார்.

ஒன்றொன்றாக மாட்டிக் காட்டினார். முதலாவது, மேலிருந்து அழுத்தினாலே தானாகப் பூட்டிக்கொள்வது. “ஒரு கையே போதும். ஆனா உள்ள ஒரு மணல் போனா மக்கர் பண்ணும்.” அடுத்தது லீவர். “வேகம்னா இதுதான். சத்தம் கேட்டீங்களா? கல்யாண வீட்டுல இதத்தான் கேக்கறாங்க.” கடைசியில் பக்கவாட்டில் ஒரு குமிழ் வைத்தது, அதைத் திருகித் திருகி இறுக்க வேண்டும். “இது மாட்டு வண்டி. யாரும் வாங்கறதில்ல.”

அண்ணி எதையும் தொடவில்லை. கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். “நீயே பாத்து எடு சுண்டு. நான் இனிமே மாட்டப் போறதில்லையே.”

“லீவரே போட்டுடவா?” என்றார் கடைக்காரர், சுண்டுவைப் பார்த்து.

சுண்டு தலையை ஆட்டியிருந்தால் போதும். பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம், அண்ணியும் அச்சடிக்கப் போயிருப்பாள், யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. அவள் குனிந்து பையின் அடியில் கையை விட்டாள். காலுறையை எடுத்து, கிளாம்பையும் தகட்டையும் கண்ணாடி மேல் வைத்தாள்.

“அண்ணி, இத மாட்டிப் பாருங்க.”

“இது அந்த…?”

“அதேதான். அன்னைக்கு உங்க கேமராவுல இருந்த பிளேட். நான்தான் இழுப்பறையில இருந்து எடுத்து மாட்டினேன். நீங்க லீவரத் தள்ளுங்க.”

அண்ணி தள்ளினாள். ‘டக்’.

“கடிச்சாச்சு” என்றாள், பழக்க தோஷத்தில்.

“இழுத்துப் பாருங்க.”

அண்ணி இரண்டு விரலால் இழுத்தாள். தகடு வந்துவிட்டது. மறுபடி மாட்டினாள், மறுபடி இழுத்தாள். மறுபடி வந்தது. கடைக்காரர் எட்டிப் பார்த்து, “வேற கம்பெனி தகடும்மா இது, அகலம் பத்தாது. எத்தன தரம் மாட்டினாலும் கவ்வாது” என்றார். பிறகு இருவர் முகத்தையும் பார்த்தார். அந்த வாய் ஓயாத மனுஷர் செங்கல்லைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அண்ணி தகட்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கோபம் வருவதற்கு முன்னால் கணக்கு வந்தது. மெதுவாகச் சொன்னாள்.

“யார் இழுத்திருந்தாலும் அப்பவே கையோட வந்திருக்கும்.”

“ஆமா அண்ணி.”

“அப்போ நீ இழுக்கவே இல்ல.”

“இல்ல அண்ணி. இழுக்கல. திரும்பிக்கூடப் பாக்கல.”

அண்ணி தகட்டைக் கண்ணாடி மேல் வைத்தாள். பிறகு, “நான் வெட்டின சட்டை கையெல்லாம் இன்னும் இருக்கா?” என்று கேட்டாள்.

“பையில இருக்கு. தொடைக்கற துணி.”

“ம்” என்றாள். உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். “அண்ணாச்சி, அந்த மாட்டு வண்டியக் கொடுங்க.”

“லீவர் வேணாமாம்மா?”

“வேணாம். டக்குனு சத்தம் கேட்டா மனசு நம்பிடுது. திருகினா என் கையே எனக்குச் சொல்லிடும். வேற யாரும் சொல்ல வேணாம். அதுக்கு உண்டான பிளேட்டே எல்லா கேமராவுக்கும் கொடுங்க.”

இனிமேல் மாட்டப் போவதில்லை என்றவள் ‘என் கையே எனக்கு’ என்கிறாள், கவனித்தீர்களா? சுண்டு கவனித்தாள். கவனித்தும் சந்தோஷப்படத் தைரியம் வரவில்லை.

ஸ்கூட்டரை அண்ணி ஓட்டினாள். பாதி வழியில் முன்னால் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“விழுந்தது போகட்டும். எல்லாருக்கும் அவசரம் வரும். தினம் என் முழங்கையப் பாத்துக்கிட்டுச் சும்மா இருந்தியே, அதுதான்டி…”

வண்டியை முடுக்கினாள். பின்னால் உட்கார்ந்திருந்த சுண்டுவின் மடியில் பை கனத்தது.

வீட்டில் அண்ணனிடம் சுண்டுவே சொன்னாள். அண்ணி சொல்லிக்கொள்ளட்டும் என்று விடவில்லை. அண்ணன் அவளை ஒரு அதட்டு அதட்டினான். பிறகு, தான் அடித்த ஜோக்கெல்லாம் ஞாபகம் வந்தவன் போல, மனைவி பக்கம் திரும்பினான். “நான் சும்மா…” என்று ஆரம்பித்தான்.

“தெரியும்” என்றாள் அண்ணி. “நீங்க எல்லாரும் சும்மாதான்.”

மாசக் கடைசி வந்தது. அண்ணி அச்சடிக்கப் போகவில்லை. ஆனால் வேலைக்குப் போன இடங்களில் தானே மாட்டினாள், தானே திருகினாள், தானே இழுத்துப் பார்த்தாள். “கடிச்சாச்சு” என்ற சொல் வரவில்லை. சுண்டு ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் போய் நின்றாள். வராது என்று தெரிந்தும் நின்றாள். நிற்காமல் இருக்க முடியவில்லை.

கடை திறப்பு விழா ஒன்றில் கூட்டம் நெருக்கித் தள்ளியது. நாடா வெட்டுகிறவர் கத்தரிக்கோலைக் கையில் எடுத்துவிட்டார். அண்ணி குமிழைத் திருகிக்கொண்டே, தலையைத் தூக்காமல் சொன்னாள்.

“கடிச்சாச்சு.”

சுண்டு தன் கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டுவிட்டு ஓடி வந்தாள். இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். இந்தப் பக்கம் இழுத்தாள், அந்தப் பக்கம் இழுத்தாள். ட்ரைபாடின் ஒரு கால் தரையை விட்டுத் தூக்கியது.

“கேமராவத்தான்டி இழுக்கச் சொன்னேன், கட்டடத்த இல்ல.”

“இழுத்தாச்சு அண்ணி.”

அண்ணி கையை எடுக்கவில்லை. தானும் ஒரு முறை இழுத்துப் பார்த்தாள். அதன் பிறகுதான் எடுத்தாள். சுண்டு அதைப் பார்த்தபடி நின்றாள்.  ஏன் என்று கேட்க அவளுக்கு என்ன பாத்தியதை? பையைத் திறந்து அந்தச் சட்டைக் கைத் துணி ஒன்றை எடுத்து, அண்ணியின் லென்ஸ் கண்ணாடியில் படிந்த தூசியைத் துடைத்துவிட்டுத் தன் இடத்துக்கு ஓடினாள்.