அண்ணிக்கு ஒரு கீற்று மறைப்பு

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கடற்கரையில் குடியேறப் போனபோது ஒரு மூட்டை வயல் மண்ணையும் தூக்கிக்கொண்டு போன அறிவாளி நான். மணலில் கீரை வராது, நம் தஞ்சாவூர்ப் பக்கத்து வண்டலைக் கொட்டிப் பாத்தி கட்டினால் வந்துவிடும் என்று யோசனை சொன்னவனும் நானே, அதைக் கேட்டுக் கைதட்டியவனும் நானே.

போன வருஷம் மாசிக் கடைசி அது. வேதாரண்யத்துக்குத் தெற்கே, உப்பளங்களையும் தாண்டி, கடலை ஒட்டி ஒரு தென்னந்தோப்பு. நான் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். என்னோடு ஓடிய டிரைவருக்குச் சொந்தமான தோப்பு அது. "சும்மாதானே கெடக்கு, போய் இருந்துக்கய்யா" என்றார். தார்ப்பாய்க் கூரை, கயிற்றுக் கட்டில், மூன்று கல் வைத்த அடுப்பு. அவ்வளவுதான் வீடு. சோற்றில் பாதி மணல். முகம் வரட்டி நிறத்துக்கு வந்தது.

உண்மையில் இது என் மனைவியின் ஆசை. கடலோரமாக வெட்டவெளியில் கொஞ்ச நாள் இருக்க வேண்டும் என்பாள். இந்த வேதாரண்யம் ரூட்டிலேயே வருஷக்கணக்காக ஓடியவன், அவளை ஒருநாள்கூட இங்கே கூட்டி வந்ததில்லை. கேட்கும்போதெல்லாம் "ரிட்டையர் ஆகட்டும்" என்பேன். ஆனேன். அடுத்த ஐப்பசியில், மூன்றே நாள் காய்ச்சலில் அவள் போய்விட்டாள். ஏற வேண்டிய ஆளை விட்டுவிட்டு, வண்டி மட்டும் ஊர் வந்து சேர்ந்த கதை.

கீரை முளைத்தது. சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் பக்கத்துக் குடிசை ஆடுகள் மேய்ந்துவிட்டன. ஆட்டுக்காரப் பெண்மணி ஓடி வந்தார். அவரும் கணவரும் உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள்.

"கட்டித்தாண்ணே போட்டிருந்தேன், அத்துக்கிட்டு வந்துடுச்சு."

"பரவால்லம்மா. டிக்கெட் எடுக்காம ஏறுன மொத ஆளா அது?"

சிரித்தார். பிறகு தோப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார். "தனியாவா இருக்கீங்க? அண்ணி வரலையா?"

"வருவா, வருவா. அதுக்குள்ள ரெண்டு நாளு நிம்மதியா இருந்துக்கிறேனே!"

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் வாய் ருசி கண்டுவிட்டது. தினமும் ஒரு கதை. அண்ணி சாமான் கட்டுகிறாள். ஆட்டுக்கல்லையும் தூக்கிக்கொண்டுதான் வருவாளாம். கருவாட்டு வாசனை ஆகாது என்று மூக்கைப் பொத்திக்கொண்டு பஸ் ஸ்டாண்டிலேயே நிற்கிறாள். "அண்ணி வரட்டும், அப்ப தெரியும் உங்க வாயி" என்பார் அந்தப் பெண்மணியின் கணவர். நான் சொல்லும் வரைக்கும் அவள் எங்கோ சாமான் கட்டிக்கொண்டுதான் இருந்தாள். அது எனக்குப் போதுமாக இருந்தது.

மகள் மட்டும் இடைஞ்சல். தஞ்சாவூர் வீட்டில் தனியாக இருந்துகொண்டு வேலைக்குப் போய்வந்தாள். உப்பளத்துக் கரைமேட்டில் ஏறினால்தான் போன் எடுக்கும் என்பதால், நான் ஏறுவதே அபூர்வம். ஏறும்போதெல்லாம் "நானும் வர்றேம்ப்பா" என்பாள். "பொம்பளப்புள்ள குளிக்க ஒரு மறைப்புகூட இல்லம்மா இங்க. வராத" என்பேன். அது பொய்யில்லை. ஆனால் காரணம் அதுவல்ல. அவளுக்கு அப்படியே அம்மாவின் முகம். அவள் வந்து எதிரே நின்றால், என் சாமான் கட்டும் கதை அன்றோடு முடிந்துவிடும்.

ஒரு சாயங்காலம் அவள் போனில் உடைந்துவிட்டாள். "அம்மா போனதுலேர்ந்து எங்கிட்ட ஒக்காந்து ஒரு வார்த்த பேசினீங்களாப்பா?"

"அம்மா செத்துட்டா! அதுக்கு நான் என்னம்மா பண்ண?"

கத்திவிட்டேன். கூட்ட நெரிசலில் கடைசி சீட்டு வரைக்கும் கேட்கப் பழகிய குரல். அந்தப் பக்கம் அவள் போனை வைத்துவிட்டாள். கீழே பாத்திகளில் உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் குனிந்த தலை நிமிராமல் வாரிக்கொண்டிருந்தார்கள். கடல் இரைச்சலில் எதுவும் கேட்டிருக்காது என்று நினைத்துக்கொண்டேன். நான் எவ்வளவு பெரிய அறிவாளி என்பதைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேனே.

மறுநாள் காலையில் கடலோரம் நடந்துவிட்டு வந்தால், என் கொட்டகைக்குப் பின்னால் நாலு சவுக்குக் கம்பு நட்டிருந்தது. அந்தப் பெண்மணி கீற்றை வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். உப்புக் குவியலை மூட அவர் முடைந்து வைத்திருந்த கீற்று அது.

"என்னம்மா இது?"

"மறைப்புண்ணே. குளிக்க."

அண்ணிக்காகத்தான் கட்டுகிறார் என்று தோன்றியது. இல்லாதவளுக்கு ஒருத்தர் கை நோகக் கீற்றுக் கட்டுவதை நின்று பார்க்க முடியவில்லை.

"வேணாம்மா. ஒங்க அண்ணி வரமாட்டா. ஐப்பசியிலேயே..."

அதற்கு மேல் சொன்னது கடைசி சீட்டுக்கு என்ன, எனக்கே கேட்கவில்லை.

அவர் திடுக்கிடவில்லை. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கயிற்றைப் பல்லால் கடித்து இழுத்து முடிச்சை இறுக்கினார். கரைமேட்டில் நான் போனில் பேசியதும் கத்தியதும் உப்பளம் முழுக்கக் கேட்டிருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

"பிரிச்சு உப்புக்கே கொண்டுபோய்ப் போட்டுடுங்கம்மா" என்றேன்.

இன்றும் மகளிடமிருந்து போன் வந்தால், எடுப்பதற்கு முன்னால் அவர் அன்று சொன்ன பதில்தான் எனக்குக் காதில் விழுகிறது.

"ஒங்க மக வந்தா எங்கண்ணே குளிக்கும்?"