அளவு டேப்பும் ஆறாம் வகுப்பு விகிதமும்

என் மகள் கணக்கு யூனிட் டெஸ்டில் இருபதுக்கு நான்கு வாங்கி வந்த அன்று நான் அவளைத் திட்டவில்லை. திட்டியிருக்க வேண்டுமோ என்று மறுநாள் தோன்றியது. இத்தனை நாளும் திட்டாமல் விட்டதால்தான் இப்படி ஆனதோ என்று அதற்கு மறுநாள் தோன்றியது. அதற்குள் திட்டுவதற்கான நேரம் தாண்டிவிட்டது.

ஆறாம் வகுப்பு. பாடம், விகிதமும் விகிதசமமும். டைரியில் கணக்கு டீச்சர் சிவப்பு மையில் எழுதி அனுப்பியிருந்தார். சனிக்கிழமை மறுதேர்வு. அதிலும் எட்டு மார்க் எடுக்காதவர்கள் இந்த வருஷம் கேதரிங்கில் மேடையேற முடியாது. கேதரிங் என்றால் பள்ளி ஆண்டு விழா. புனேயில் எல்லோரும் அதை அப்படித்தான் சொல்வார்கள். அவள் வகுப்பு அந்த வருஷம் கோலி நடனம், அதாவது மீனவர் நடனம், ஆடுவதாக இருந்தது. தலையில் மீன்கூடையோடு முதல் ஆளாக மேடைக்கு வரும் வேஷம் என் மகளுக்கு. அதற்கு முந்தைய மூன்று வருஷங்களில் அவள் ஒருமுறை மரமாக நின்றாள், ஒருமுறை மேகமாக நின்றாள், ஒருமுறை மரத்துக்குப் பின்னால் இன்னொரு மரமாக நின்றாள். நான்கு மார்க்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவள், டைரியின் கடைசி வரியைப் படித்ததும் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். கதவுக்கு வெளியே நின்று, எப்படியும் எட்டு எடுக்க வைத்துவிடுவதாக நான் வாக்குக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு அவள் கணக்குப் புத்தகத்தைத் தேடப் போனேன்.

நான் திருநெல்வேலியில் பி.எஸ்சி. வேதியியல் படித்தவள். கணக்கு துணைப்பாடம், அதில் முதல் வகுப்பு. அதனால் புனேயின் சாங்வியில் எங்கள் மாடி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பாடப்புத்தகத்தை விரித்துவைத்து முறையாகவே தொடங்கினேன். ஒரு கேக்குக்கு மூன்று பங்கு மாவு, இரண்டு பங்கு சர்க்கரை. நம் வீட்டில்தான் கேக்கே செய்வதில்லையே என்றாள் அவள். சரி, இட்லிக்கு அரிசி நாலு, உளுந்து ஒன்று. நீ அளந்து போட்டு நான் பார்த்ததே இல்லையே என்றாள். அதுவும் உண்மை. நான் கண்ணளவில் போடுகிறவள்.

அவளுக்குக் கோலி ரவிக்கை தைக்க அளவெடுத்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு யோசனை வந்தது. கேக் இல்லாவிட்டால் என்ன, உடம்பு இருக்கிறதே. கையை நீட்டச் சொல்லி, ஒரு விரல்நுனியிலிருந்து மறு விரல்நுனி வரை அளந்தேன். நூற்று முப்பத்தொன்று சென்டிமீட்டர். சுவரோடு நிற்க வைத்து உயரம் அளந்தேன். அதே நூற்று முப்பத்தொன்று. அவள் டேப்பைப் பிடுங்கித் தானே இன்னொருமுறை அளந்தாள். பிறகு என்னை அளந்தாள். நூற்று ஐம்பத்தொன்றுக்கு நூற்று ஐம்பத்தொன்று. மணிக்கட்டை இரண்டு சுற்றினால் கழுத்து, கழுத்தை இரண்டு சுற்றினால் இடுப்பு என்று கல்லூரி விடுதியில் யாரோ சொன்னதையும் சேர்த்துச் சொல்லிவைத்தேன். இது எந்த அளவுக்குச் சரி என்று யோசிப்பதற்குள் அவள் நோட்டில் கோடு போட்டுக் கட்டம் கட்டத் தொடங்கிவிட்டாள். கணக்கு நோட்டை அவளாகத் திறந்து நான் பார்த்தது அதுதான் முதல்முறை. கண்ணில் நீர் வந்துவிட்டது. உடனே, இது பாடத்திட்டத்தில் இல்லையே என்ற பயமும் வந்தது.

புதன்கிழமை மாலை என் கணவர் வேலையிலிருந்து வந்தார். ஆகுர்டியில் மோட்டார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அவர் தர ஆய்வாளர். ஒரு தலைமுடி கனம் கூடிப்போனாலும் பாகத்தைத் திருப்பி அனுப்புகிற வேலை. செருப்பைக் கழற்றுவதற்குள் மகள் அவரைச் சுவரோடு நிற்க வைத்தாள். கை நீளம் நூற்று அறுபத்தேழு, உயரம் நூற்று அறுபத்தேழு என்று சத்தமாகப் படித்தாள். எனக்குச் சென்டிமீட்டரை மனசுக்குள் அடியாக மாற்றும் கெட்ட பழக்கம் உண்டு. ஐந்தடி ஆறு அங்குலம்கூட முழுசாக வரவில்லை.

"தப்பு. நான் அஞ்சடி எட்டு," என்றார்.

"டேப்பு அப்படித்தாங்க சொல்லுது."

"ஜாதகத்தோட எங்கப்பா குடுத்த பேப்பர்லயே எழுதிருந்துதுல்லா. அஞ்சடி எட்டு. நீதானே படிச்ச?"

படித்திருந்தேன். பதின்மூன்று வருஷம் நம்பியும் இருந்தேன். மகள்தான் சொன்னாள்.

"அப்பா, ஹைட் தப்புன்னா கையும் தப்பு. ரேஷியோ ஒன் இஸ் டு ஒன் வருது பாரு."

அவர் காபி குடிக்காமல் தொலைக்காட்சிக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். ஒரு குழந்தைக்கு எட்டு மார்க் வாங்கித் தருவதற்காக அதன் தகப்பனை இரண்டு அங்குலம் குறைத்திருக்க வேண்டுமா என்று எனக்குக் குழப்பமாக இருந்தது. ஆனால் டேப்பை இனி ஒளித்துவைக்கவும் முடியாது. அது மகளின் கழுத்தில்தான் கிடந்தது.

வியாழக்கிழமை அவள் கீழ்வீட்டுக்குப் போனாள். அங்கே இருந்த மராத்திக்காரப் பெண்மணியைக் குடியிருப்பில் எல்லோரும் காக்கூ என்போம், சித்தி மாதிரி. நல்ல வாட்டசாட்டமான மனுஷி. மகள் எதை அளக்கப் போயிருக்கிறாள் என்பது நோட்டைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. 'கழுத்து : இடுப்பு' என்று தலைப்பிட்டு, எங்கள் வீட்டு வரிகளுக்குக் கீழே காக்கூவின் பெயரும் காலிக் கட்டமும். அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். நான் போய்ச் சேரும்போது காக்கூ கூடத்தின் நடுவில் கைகளைத் தூக்கிக்கொண்டு நிற்க, டேப்பைச் சுற்றக் கை எட்டாததால் என் மகள் மறுமுனையைப் பிடித்துக்கொள்ளும்படி காக்கூவின் மாமியாரைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் இந்தியில் மன்னிப்புக் கேட்டேன், மராத்தியில் கேட்டேன், பதற்றத்தில் தமிழிலும் கேட்டேன். கழுத்து என்று ஒன்று கல்யாணத்தின்போது இருந்தது, இப்போது தேடிப் பார்த்தால் கிடைக்கலாம், இடுப்பு வேண்டுமானால் மூன்று பேருக்குக் கொடுக்கிற அளவு இருக்கிறது என்று காக்கூ சொல்ல, மாமியார் சிரித்துச் சிரித்துக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். ஒன்றுக்கு மூன்று என்று மகள் எழுதிக்கொண்டாள். எல்லோருக்கும் ஒரே விகிதம் வராது என்ற முக்கியமான பாடத்தை எங்களுக்குக் கற்றுத் தந்தது காக்கூதான். அன்றிரவு அவர்கள் வீட்டுக்கு ஒரு டப்பா தயிர்சாதம் கொடுத்தனுப்பினேன். பிறகு, உடம்பைக் கேலி செய்வதாக நினைத்துவிடுவாரோ என்று ஒரு மணிநேரம் கவலைப்பட்டேன்.

வெள்ளிக்கிழமை மாலைக்குள் நோட்டில் பன்னிரண்டு பக்கங்கள் நிரம்பியிருந்தன. தலைக்கும் உயரத்துக்கும், பாதத்துக்கும் முழங்கைக்கும், மூக்குக்கும் முகத்துக்கும். அடுத்த நாள் காலை தேர்வு. நான் தோசை வார்த்துக்கொண்டிருக்க, கூடத்திலிருந்து என் கணவர் கூப்பிட்டார். இரண்டு நாளாக வராத உற்சாகம் அந்தக் குரலில் இருந்தது. போய்ப் பார்த்தால், தரையில் என் தையல் டேப்பையும் தன் பெட்டியிலிருந்த இரும்பு டேப்பையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைத்து, அவரும் பக்கத்தில் படுத்திருந்தார்.

"இங்க பாரு. உன் டேப்புல நூறு. என் டேப்புல நூத்தி மூணு. இது ரிஜெக்ட் ஆன டேப்பு."

டேப் நீண்டுபோயிருந்தது. ஏன் நீண்டது என்பதும் எனக்கு உடனே தெரிந்துவிட்டது. கத்தரிக்கோல் அடிக்கடி தொலைகிறது என்று அதை டேப்பின் நுனியில் கட்டி, வருஷக்கணக்காக ஆணியில் தொங்கவிட்டிருந்தது நான்தான். பெரிய இரும்புக் கத்தரிக்கோல். இரவும் பகலும் இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறது.

அவர் எழுந்து உட்கார்ந்து தன் உயரத்தைத் தாளில் பெருக்கிப் பார்த்தார். நூற்று எழுபத்திரண்டு. ஐந்தடி எட்டுக்கு முக்கால் சென்டிமீட்டர் குறைகிறது, அது டாலரன்ஸுக்குள் அடங்கிவிடும் என்றார். அவர் தொழிலில் மன்னித்துவிடக்கூடிய பிழைக்கு அதுதான் பெயர். முகம் மலர்ந்து, தட்டை எடுத்துக்கொண்டு தோசை கேட்டார்.

எனக்குத் தலை சுற்றியது. பன்னிரண்டு பக்கமும் தப்பு. ஒரு வாரம் முழுக்கப் பிள்ளைக்குத் தப்பான அளவில் பாடம் எடுத்திருக்கிறேன். பொழுது விடிந்தால் தேர்வு. அடுப்பில் தோசை தீய்ந்த வாசனை வந்தது, போய்த் திருப்பக்கூடத் தோன்றவில்லை. எல்லோரும் சுவரோடு நில்லுங்கள், இரும்பு டேப்பில் முதலிலிருந்து அளக்கலாம் என்றேன். காக்கூவையும் மறுபடி கூப்பிட வேண்டும் என்று நினைத்தபோது கண் கலங்கியது.

மகள் கூடைக்குப் பதிலாக ஒரு பாத்திரத்தைத் தலையில் வைத்து நடை பழகிக்கொண்டிருந்தாள். அதை இறக்காமலே சொன்னாள்.

"எதுக்கும்மா? அப்பா வளந்தா நீயும் வளருவ. நானும் வளருவேன். எல்லாம் அதே டேப்தானே. ரேஷியோ அங்கயே இருக்கும்."

"அங்கயேன்னா எங்கட்டி?"

"அங்கயேதான். அப்பா உன்னைவிட இப்பவும் அவ்ளோதான் ஹைட். ஜாஸ்தி ஆகல."

என் கணவரின் கையில் தட்டு அப்படியே நின்றது. நான் கால்குலேட்டரை எடுத்து எங்கள் உயரங்களைப் பழைய அளவிலும் புதிய அளவிலும் வகுத்துப் பார்த்தேன். இரண்டு தடவையும் அதே விடை. அப்போதுதான் இன்னொன்றும் புரிந்தது. அதே டேப்பில்தான் இத்தனை வருஷமும் உடம்பையும் அளந்தேன், துணியையும் அளந்தேன். ஒரு ரவிக்கைகூடத் தொளதொளவென்று போனதில்லை. படித்தவளுக்கு இதைச் சொல்ல ஆறாம் வகுப்புக் கணக்கில் தவறிய பிள்ளை வேண்டியிருந்தது.

"அப்ப நான் வளந்ததுல ஒரு லாபமும் இல்லியா?" என்று கேட்டார் அவர்.

"ரேஷியோல இல்லப்பா," என்றாள் மகள், பாத்திரம் அசையாமல்.

இவ்வளவு தெரிந்தவள் தேர்வில் முழு மார்க் வாங்குவாள் என்று சனிக்கிழமை நான் நம்பினேன். திங்கட்கிழமை விடைத்தாள் வந்தது. பதினொன்று. விடையைச் சுருக்க வேண்டிய இடத்தில் எல்லாம் சிவப்பு மையில் 'சுருக்கவில்லை' என்று எழுதியிருந்தது. பதினெட்டுக்குப் பன்னிரண்டை அவள் பதினெட்டுக்குப் பன்னிரண்டாகவே விட்டிருந்தாள், மூன்றுக்கு இரண்டாக்கவில்லை. காரணம் யோசிக்க வேண்டிய தேவையே இல்லை. நூற்று அறுபத்தேழு, நூற்று ஐம்பத்தொன்று, நூற்று முப்பத்தொன்று. எங்கள் வீட்டில் மூன்று பேரும் எந்த எண்ணாலும் வகுபடாத பகா எண்கள். சுருக்க ஒன்றுமே இல்லாத குடும்பத்தை வைத்துப் பாடம் நடத்தினால், பிள்ளைக்குச் சுருக்கத் தெரியாமல்தான் போகும்.

பள்ளிக்கே போய் டீச்சரிடம் இதை விளக்க முயன்றேன். தவறு என்னுடையது, வீட்டில் கிடைத்த எண்கள் அப்படி என்றேன். அவர் விடைத்தாளை மடித்து என் கையில் கொடுத்தார்.

"மேடம், உங்க பொண்ணு பாஸ். டான்ஸ் ஆடலாம். நீங்க வீட்டுக்குப் போங்க," என்றார் ஆங்கிலத்தில், பொறுமையாக.

கூடை கிடைத்துவிட்டது, புடவை வாடகைக்கு வரும், ரவிக்கை தைத்தாயிற்று, பச்சைக் கண்ணாடி வளையல் மட்டும் பாக்கி என்று மகள் பட்டியல் போட்டுவைத்திருந்தாள். அன்று மாலையே கடைத்தெருவுக்குப் போனோம். வளையல்காரர் அவள் கையை வாங்கி, விரல்களைக் குவித்து ஒருமுறை லேசாக அமுக்கிப் பார்த்தார். டேப் இல்லை, நோட்டு இல்லை. ஒரு டஜனை எடுத்து மாட்டினார், கச்சிதமாக உட்கார்ந்தது. ஆடும்போது கை வீங்கினால் இறுகாதா, அடுத்த அளவும் காட்டுங்கள் என்றேன். வீங்காது என்றார். மகளும் வீங்காது என்றாள். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு அளவிலும் ஒரு டஜன் வாங்கிக்கொண்டு வந்தேன்.