லாண்டரிக் குறி போட்ட நூலகம்

என் வீட்டுக்காரரைப் போல ஒரு மனுஷனை எங்கும் பார்க்க முடியாது. முப்பது வருஷம் லாண்டரி நடத்தினார். ஒரு கைக்குட்டைகூட வீடு மாறிப் போனதில்லை. முட்டி தேய்ந்து கடையை மூடியதும், நகராட்சியின் காலி அறை ஒன்றைக் கேட்டு வாங்கி, தெருக்காரர்களிடம் புத்தகம் சேகரித்து நூலகம் திறந்தார். கசங்கி வந்த பக்கங்களுக்கு இஸ்திரி வேறு! "எழுத்து கருகிடப் போகுது" என்று நான் கத்தினால், "சூடு எனக்குத் தெரியும்டி" என்பார்.

அதோடு விட்டாரா? ஒவ்வொரு புத்தகத்தின் முதல் பக்கத்திலும், துணிக்குப் போடும் அழியாத மையால், கொடுத்த வீட்டின் லாண்டரிக் குறியைப் போட்டு வைத்தார். தையல்காரர் வீட்டுக்கு இரண்டு புள்ளி, எங்களுக்கு ஒரு வட்டம். பழக்கதோஷம். வாங்கினது யாருடையது என்று தெரிய வேண்டாமா என்பது அவர் நியாயம்.

ஐந்தாம் வருஷம் நகராட்சி அதிகாரி வந்தார். அறையை நூலகத்துக்கே எழுதிக் கொடுத்து, வருஷா வருஷம் உதவித்தொகையும் தர உத்தேசம். புத்தகங்களைப் புரட்டியவர், "என்னங்க இது, எல்லாத்துலயும் குறி?" என்றார். இவர் பெருமையாக விளக்கினார்.

"அப்ப ஒரு புத்தகமும் நூலகத்தோடது இல்ல. அடுத்தவங்க பொருளுக்கு நாங்க எப்படிப் பணம் குடுக்கறது? குடுத்தவங்க எல்லாரும் நூலகத்துக்கேன்னு கையெழுத்துப் போடணும். வேணாங்கறவங்க எடுத்துட்டுப் போகட்டும். ஐநூறு புத்தகமாவது மிஞ்சலன்னா அறையைத் திருப்பிக் குடுத்துடுங்க."

அன்று மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை. தன் கையாலேயே கெடுத்துக்கொண்டார், பாவம்.

ஞாயிற்றுக்கிழமை காலை தெருவே வந்தது. கையெழுத்துப் போடத்தான் யாருக்கும் கை வரவில்லை. அவரவர் குறியைப் பார்த்ததும் ஆசை வந்துவிட்டது. புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்கள். தையல்காரர் சம்சாரம் என்னைப் பார்த்து, "அக்கா, நீங்க உங்களுதைக் குடுத்துட்டீங்களா?" என்றாள்.

எங்கள் அட்லஸ் ஏற்கெனவே என் பைக்குள் இருந்தது. செத்துப்போன என் தம்பியுடையது. படுக்கையில் கிடந்த இரண்டு வருஷமும், எழுந்ததும் போக வேண்டிய ஊர்களுக்கெல்லாம் சிவப்புப் பென்சிலால் பாதை போட்டு வைத்தவன். அலமாரி காலியாகக் கிடக்கிறதே என்று முதல் நாள் நானே கொண்டுவந்து வைத்தது. இப்போது எடுத்துக்கொண்டு நழுவப் பார்த்தவளும் நான்தான். இவர் என் பையைப் பார்த்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். கேட்காததால்தான் எனக்கு மனசு கேட்கவில்லை.

அட்லஸை மேஜைமேல் வைத்து முதல் கையெழுத்தைப் போட்டேன். அழுகை வந்துவிட்டது. பின்னாலேயே தையல்காரர் சம்சாரம் பேனாவைக் கேட்டாள். சாயங்காலத்துக்குள் அறுநூற்றுப் பன்னிரண்டு புத்தகங்கள் நூலகத்துக்குச் சொந்தமாயின.

மறு வாரம் போய்ப் பார்த்தால் அலமாரியில் அட்லஸைக் காணோம். "லாரி டிரைவர் எடுத்துட்டுப் போயிருக்கார். பதினாலு நாள்ல வந்துடும்" என்றார் இவர். அந்தப் பதினாலு நாளும் என் வாயில் விழுந்து எழுந்தார்.

திரும்பி வந்ததும் பிரித்தேன். தம்பியின் சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் நீலத்தில் புதிதாய் ஒரு கோடு! ரத்தம் கொதித்தது. "யாரைக் கேட்டு இதுல கிறுக்கினீங்க?" என்று டிரைவரைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் மிரண்டுபோனார். "கோவிச்சுக்காதீங்கக்கா. உங்க தம்பி போட்ட கோடுன்னு சொன்னாங்க. அந்த வழியில பாலம் இடிஞ்சு போச்சு. தெரியாமப் போய் மாட்டிக்கப் போறாரேன்னுதான் சுத்துப் பாதையைக் காட்டி வெச்சேன்."

அட்லஸை மூடி அலமாரியில் வைத்தேன். பிறகு, "சரிங்க, அவன்கிட்ட சொல்லிடறேன்" என்றேன்.