சடையன் கங்காணி வடித்த சதுப்பு

சடையன் கங்காணி காலமானார் என்று அவர் கடைசியாகக் குடியிருந்த பெக்கோக்கிலிருந்து வந்த கடிதத்தைத் தோட்டத்து ஆபீசில் நின்றபடியே படித்தேன். கான் என்கிற வடிகால் வெட்டி நீரை வடிப்பதில் அவருக்கு நிகர் அவர்தான் என்பது அவரோடு வேலை பார்த்த உங்களுக்குத் தெரியும். முழங்கால் சேற்றில் நின்று ஓர் இலையை மிதக்கவிட்டு, நீர் எந்தப் பக்கம் போகப் பார்க்கிறது என்று கவனிப்பார். உங்களுக்குத் தெரியாத ஒன்றையும் இன்று சொல்லியாக வேண்டும்.

துரைமார் கோல்ஃப் ஆட எங்கள் தோட்டத்தில் இடம் ஒதுக்கிய வருஷம் அது. பெரிய துரை படம் வரைந்து, அங்கிருந்த சதுப்பையும் ஓடைப் பள்ளத்தையும் சிவப்பு மையால் வளைத்து, ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணியான என்னிடம் தந்துவிட்டு பினாங்குக்குப் போனார். தோட்டத்துப் படங்களில் சிவப்பு பட்ட இடமென்றால் சீர்செய்ய வேண்டிய இடம். "வடிச்சிடுங்க கங்காணி" என்றேன். மூன்றே வாரத்தில் சதுப்பு காய்ந்தது, பள்ளம் தூர்ந்தது. தரை சாணி மெழுகிய முற்றம்போல் இருந்தது.

திரும்பி வந்த துரை தலையில் கைவைத்துக்கொண்டார். அந்தச் சதுப்பும் பள்ளமும்தான் ஆட்டமாம்! பந்து அவற்றைத் தாண்ட வேண்டுமாம். தொடாதே என்பதற்குத்தான் சிவப்பாம். "யார் வெட்டச் சொன்னது?" என்று தமிழிலேயே கத்தினார். சொன்னவனுக்குப் பேர் வெட்டு நிச்சயம்; வேலை போய்விடும். எனக்கு மூன்று பிள்ளைகள். நான் வாயைத் திறக்கவில்லை.

"யாரும் சொல்லலைங்க துரை, என் புத்திதான்" என்றார் கங்காணி. "மழை வர்ற வரைக்கும் என் பேர வெட்டாதீங்க. பள்ளத்தத் தோண்டிக் குடுத்துடுறேன், கான் வாய அடைச்சிடுறேன். தண்ணிக்கு அதோட வீடு தெரியும்."

மழை வந்தது. சதுப்பும் முன்னிலும் கொஞ்சம் அகலமாகவே திரும்பி வந்தது. துரை அடித்த முதல் பந்தே அதில் விழ, அவர் வாய்விட்டுச் சிரித்தார். கங்காணி வேலையில் நீடித்தார்.

அதன் பிறகு அந்த ஆட்டம் அவரை விடவில்லை. "வேணும்னே பள்ளத்த வழியில வச்சுக்கிறாங்களே, ஏன் கிராணி ஐயா?" என்று துளைப்பார். ஞாயிறுதோறும் மேட்டில் உட்கார்ந்து பார்ப்பார். ஒருநாள் அவரே விடையோடு வந்தார்: "நேரா போன பந்தப் பத்தி யாரும் பேசுறதில்லீங்க. சதுப்புல விழுந்ததத்தான் சாயந்தரம் பூரா பேசுறாங்க."

என் மௌனத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தைகூடக் கேட்டதில்லை. அதுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது.

அந்தப் படம் என் மேசையில் இருக்கிறது. எந்தக் குழியையும் தூர்க்கச் சொல்லுமுன் ஒரு மழை பார்த்துவிடும் பழக்கமும் அவரால் வந்ததுதான். பெரிய துரை சீமைக்குத் திரும்பிவிட்டார். ஆகவே உங்களிடம் சொல்கிறேன்: வெட்டச் சொன்னவன் நான்.