பர்மாவுக்குப் போகாத நாடகத் துரை

பால் பவுடர் கரைத்த டீயின் வாசனை... இன்னும் மூக்கிலேயே இருக்கிறது.

யுத்த காலம். திருத்தணியில் குளத்தங்கரைப் பக்கம் ஒரு சத்திரத்தைப் பட்டாளத்துக்கு விட்டிருந்தார்கள். உடம்பு சரியில்லாத வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அங்கே தங்கித் தேறிக்கொண்டு போவார்கள். நான் அங்கே சமையல்காரன். கல்யாணம் ஆகி ஒரு வருஷம்.

அவர்களில் ஒருவரை நாங்கள் நாடகத் துரை என்று கூப்பிடுவோம். ஒல்லியான ஆள். காய்ச்சலில் படுத்திருந்தபோதும் எழுதிக்கொண்டே இருந்தார். அவர் ஊரில் ஏற்கெனவே இரண்டு நாடகம் போட்டவராம்.

மேஜர் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். இங்கேயே ஒரு நாடகம் போடு. நன்றாக இருந்தால் மதராஸில் நாடகப் பிரிவுக்கு மாற்றுகிறேன். இல்லாவிட்டால் உன் கூட்டத்தோடு பர்மா சண்டைக்குப் போ.

இதை எனக்குச் சொன்னது கிளார்க் சாமுவேல் அண்ணன். மிஷன் பள்ளியில் படித்தவர். அந்தச் சத்திரத்தில் இரண்டு பாஷைக்கும் அவர்தான் பாலம்.

கதை இதுதான். ஒரு தாய், மகன் யுத்தத்துக்குப் போயிருக்கிறான். அவன் செத்துப்போன சேதி ஒரு கடிதத்தில் வருகிறது. பார்க்கிற சபைக்கு அது முன்னாலேயே தெரியும். தாய்க்குத் தெரியாது. வேலைக்காரன் கடிதத்தைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும்.

தாய் வேஷம் ஒரு சிப்பாய்க்கு. அவன் மீசையை எடுக்க வைக்க மூன்று நாள் சண்டை! வேலைக்காரன் வேஷம் எனக்கு.

"டேய் முனுசாமி, தட்ட எடுத்துகினு போ. அந்தம்மா கைல குடு. திரும்பி வா. அவ்ளோதான்" என்றார் சாமுவேல் அண்ணன்.

"பேரு ஊரு சொல்லாம எப்டிண்ணே உள்ள போறது? திருடன் பூந்த மாதிரி இல்ல இருக்கும்?"

"இது உங்க நைனா ஆடுற கூத்து இல்லடா. நீ வாயத் தொறந்தே... தொரை பர்மாதான், பாத்துக்கோ."

"ஆங், சரிண்ணே" என்றேன். மனசார, சத்தியமாகத்தான் சொன்னேன்.

எங்கள் நைனா தெருக்கூத்தில் வாயில்காப்போன் வேஷம் கட்டுவார். கூத்தில் யாரும் சும்மா உள்ளே வர முடியாது. ராஜாவே ஆனாலும் திரைக்குப் பின்னால் நின்று, நான் இன்னார், இந்த ஊர், இதற்காக வந்தேன் என்று சபைக்குச் சொல்ல வேண்டும். அதைப் பார்த்தே வளர்ந்தவன் நான்.

நாடகத்தன்று சாயங்காலம். பெட்ரோமாக்ஸ் விளக்கு. முதல் வரிசையில் மேஜர். தட்டோடு நடந்தேன். வெளிச்சம் முகத்தில் பட்டதும்... கால் நின்றுவிட்டது. அடியை உள்ளே எடுத்து வைக்க வரவில்லை.

தோளில் கிடந்த துண்டை எடுத்து ஒரு கையால் முகத்துக்கு முன்னால் திரையாகப் பிடித்தேன். வாய் தானாகத் திறந்தது.

"வந்தேன் சபையோரே! இந்த ஊட்டு வேலைக்காரன். பேரு முனுசாமி, ஊரு திருத்தணி..."

சிரிப்பு வெடித்தது. ஓரத்தில் நின்ற நாடகத் துரையின் முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது. மேஜர் கையை உயர்த்தி, அவன் என்ன சொல்கிறான் என்று அதட்டினார். பாவம் சாமுவேல் அண்ணன், ஒவ்வொரு வரியாக இங்கிலீஷில் சொன்னார்.

எனக்கு நிறுத்தத் தெரியவில்லை.

"கைல ஒரு லெட்டர் கொண்டாந்தேன். என்னா எழுதிக்கீதுன்னு தெரியாது, நான் எழுத்து தெரியாதவன். சின்ன தொரை ஊட்டுக்கு வராருன்னு இருந்தா, அம்மா எனக்கு புதுத் துணி குடுப்பாங்க. அதான் சிரிச்சிகினு வரேன்..."

சாமுவேல் அண்ணன் அதையும் சொல்லி முடித்தார். சிரிப்பு அடங்கியது. இருமிக்கொண்டிருந்தவன்கூட இருமலை நிறுத்திவிட்டான்.

போய்த் தட்டை நீட்டினேன். மீசை எடுத்த சிப்பாய் கடிதத்தைத் தொடவே இல்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிஜமாகவே அழுதான்.

நாடகம் முடிந்து மேஜர் எழுந்தார். ஏதோ கேட்டார். "வேலக்காரன் பேசினத எழுதினது யாருன்னு கேக்கறாரு" என்று சாமுவேல் அண்ணன் என் காதில் சொன்னார்.

நான்தான் என்று துரை சொல்லியிருக்கலாம். யாருக்குத் தெரியப் போகிறது? அவர் என்னைக் கைகாட்டி, "நான் எழுதலை. அவன் சொன்னது" என்றாராம்.

மேஜர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு துரையிடம், "அப்படின்னா எழுதிக்கோ. மதராஸ்ல போடும்போது அது இருக்கணும்" என்றார்.

பர்மா இல்லை!

அன்றைக்கே துரை சமையல்கட்டில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். நான் சொல்லச் சொல்ல, சாமுவேல் அண்ணன் மாற்றிச் சொல்ல, அவர் எழுதினார். என் பேச்சு எழுத்தாவதை அன்றுதான் பார்த்தேன். எறும்பு வரிசை போல ஓடியது...

யுத்தம் முடிந்து அவர் லண்டன் போனார். மூன்று கடிதம் வந்தது, சாமுவேல் அண்ணன் படித்துக் காட்டினார். நாடகம் நன்றாக ஓடுகிறதாம். பிறகு சினிமாவுக்கும் எழுதுகிறாராம். எல்லாக் கதையிலும் ஒரு வேலைக்காரன் வாசலில் நின்று பேரும் ஊரும் சொல்லிவிட்டுத்தான் உள்ளே வருகிறானாம். படம் எடுப்பவர்கள் வெட்டச் சொன்னாலும் இவர் விடுவதில்லையாம். அப்புறம் கடிதம் நின்றுவிட்டது. சாமுவேல் அண்ணனும் போய்ச் சேர்ந்தார்.

எனக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. போன வருஷம்தான் என் மருமகள் எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தாள். அவளே போனில் துரையின் பேரைத் தட்டி அவரைப் பற்றித் தேடிப் பிடித்தாள். பிறந்தது, போட்ட நாடகம், எழுதின படம், செத்தது... எல்லாம் நீளமாக இருக்கிறது. தமிழில் சொன்னாள்.

"திருத்தணி வருதாம்மா?"

"இல்ல மாமா. யுத்தத்தப்போ இந்தியாவுல இருந்தாருன்னு ஒரே வரிதான் போட்டுக்கீறாங்க."

அதனால்தான் இதை நான் எழுதினேன். நாலு நாள் ஆனது. 'ழ' மட்டும் இன்னும் கோணலாகவே வருகிறது என்று நோட்டில் பார்த்துச் சிரிக்கிறாள். போனில் நேராக வந்துவிடுகிறதே!

அப்போது ராஜா வேஷம் கட்டினவரும் பேர் சொல்லித்தான் சபைக்கு வந்தார். இங்கே பேஸ்புக்கில் பாதிப் பேர் ஒரு ரோஜாப்பூ படத்தை வைத்துக்கொண்டு, பேரும் இல்லாமல் ஊரும் இல்லாமல் உள்ளே வருகிறீர்கள்... எனக்கு அது வரவில்லை.

வந்தேன் சபையோரே. பேரு முனுசாமி, ஊரு திருத்தணி. கையில் ஒரு சேதி கொண்டுவந்தேன்.

இந்தத் தடவை அதில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியும்.