3.40க்குப் போட்ட கையெழுத்து

நம்புகிறவர்கள் நம்புங்கள். 1882 மே 26, வெள்ளிக்கிழமை, ஒஹையோவில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் இது எனக்கு நடந்தது. பட்டப்பகலில்.

அலுவலகம் கர்னல் லைசாண்டர் திரெல்கெல்டுடையது. வக்கீல். உள்நாட்டுப் போரில் படைத்தலைவர். பிறகு மாநில செனட்டர். என் அண்ணன் ஆசா அவர் படையில் சிப்பாயாக இருந்தவன். படைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே ‘ஓடிப்போனவன்’ என்று எழுதியவரும் அவர்தான். பதினெட்டு வருஷமாக ஊரில் யாரும் அம்மாவின் முகம் பார்த்துப் பேசவில்லை. எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். படித்துவிட்டு அவரிடமே நகல் எழுதச் சேர்ந்தேன். அப்படி எழுதிய கையைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

போரில் இறந்தவர்களுக்கு நீதிமன்ற வாசலில் நினைவுக்கல் வைக்கிறார்கள். பெயர் சேர்க்க மறுநாள்தான் கடைசி. பட்டியலில் ஆசா இல்லை. கர்னலோ நாலு நாளாக வீட்டில் காய்ச்சலில் கிடந்தார்.

மணி 3.15. வெளியே கொட்டுகிற மழை. கதவு திறந்தது. கர்னல் நின்றார்.

படியில் காலடிச் சத்தமே கேட்கவில்லையே...

“உடம்பு தேவலையா?”

“பேனாவை எடு, லவினியா.”

கோட்டில் ஒரு சொட்டு ஈரமில்லை. குண்டடிபட்ட காலை இழுத்து இழுத்து நடக்கிறவர்... நேராக நடந்து வந்தார்.

“எழுது. ஆசா பிளெட்சோ ஓடிப்போகல. ஆத்துக்கு அந்தப்பக்கம் செய்தி கொண்டுபோகச் சொல்லி நான்தான் அனுப்பினேன். அவன் திரும்புறதுக்குள்ள பாலத்தை எரிக்கச் சொன்னதும் நான்தான். எதிரி கையில அங்கேயே செத்தான்.”

“அவன் அந்தக் கரையில நின்னது தெரியுமா?”

“கத்தினான். கேட்டுச்சு.”

“த்தூ! எங்கம்மா பதினெட்டு வருஷமா...”

“அப்புறம் திட்டு. இப்ப எழுது.”

எழுதினேன். அவர் கையெழுத்திட்டார். சாட்சியாக நானும் போட்டேன். தேதி போட்டேன். அந்த அலுவலகப் பழக்கப்படி நேரமும் போட்டேன். 3.40.

மை ஒற்றக் குனிந்தேன்.

நிமிர்ந்தேன்.

யாரும் இல்லை...

வாசலுக்கு ஓடினேன். தெருவெல்லாம் சேறு. ஒரு கால்தடம் இல்லை.

5.20க்கு அவர் மகன் ஹோரஸ் நனைந்துகொண்டு வந்தான்.

“அப்பா போயிட்டார்.”

“எப்போ?”

“ரெண்டு பத்துக்கு.”

மறுநாள் காலை, கல்லுக்குப் பெயர் சேர்க்கிற நீதிபதி நான் கொடுத்த தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“கையெழுத்து அவரோடதுதான். நேரம் மட்டும் போடாம விட்டிருந்தா, படுக்கையில வச்சு எழுதினதுன்னு நானே ஏத்துக்கிட்டிருப்பேன். செத்தவர் எப்படிம்மா சத்தியம் பண்ணுவார்? எடுத்துட்டுப் போ. கள்ளக் கையெழுத்துன்னு வழக்கு வந்துடும்.”

கல்லில் ஆசா இல்லை.

கர்னலைப் புதைத்த அன்று ஹோரஸ் என்னை ஓரமாக அழைத்தான்.

“உடம்பைத் துடைச்சப்போ வலது கைவிரல்ல மை இருந்துச்சு, லவினியா. ஈரமா இருந்துச்சு. நாலு நாளா அவர் பேனாவே தொடல.”

“நீதிபதிகிட்ட சொல்லு.”

“அப்பா பேர் என்னாகும்?”

தாளை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கர்னல் வாயால் சொன்னதையும் சொன்னேன். அழாமல் கேட்டாள். ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“கத்தினானா? என்னன்னு கத்தினான்?”

அதை நான் கர்னலிடம் கேட்கவில்லை.